நெசவாளர் சமுதாய மையம்: வரைபடம் போடுவதற்கு முன் புரிந்துகொள்ள வேண்டியவை

கைத்தறி பற்றிப் பேச்சு வந்தாலே, "நெசவாளர்களுக்கு ஒரு சமுதாய மையம் கட்டிக் கொடுத்தால் நன்றாக இருக்கும்" என்று யாராவது சொல்வார்கள். ஆகஸ்ட் 7, தேசியக் கைத்தறி தினத்தை ஒட்டி இந்தப் பேச்சு இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த மையம் எப்படி இருக்கும் என்று கேட்டால் ஒவ்வொருவர் மனதிலும் ஒவ்வொரு கட்டடம். ஒருவருக்கு வரிசையாகத் தறிகள் போட்ட பெரிய கூடம். இன்னொருவருக்குக் கூட்டமும் விசேஷமும் நடத்த ஒரு மண்டபம். மற்றொருவருக்கு வெளியூர்க்காரர்கள் வந்து பார்த்துச் சேலை வாங்கிப் போகும் காட்சிக்கூடம். கட்டடக்கலை மாணவர்கள் இதை விரும்பித் தங்கள் இறுதியாண்டுத் திட்டமாக எடுக்கிறார்கள். அவர்கள் வரைபடங்களில் முற்றம் இருக்கும், ஓட்டுக்கூரை இருக்கும், வெளிச்சம் கோலம் போடும் ஜாலிச் சுவர் இருக்கும். துணியின் நீளவாக்கு நூலான பாவை நீட்ட மட்டும் இடம் இருக்காது.

நெசவும் தெரியாது, கட்டடக்கலையும் தெரியாது, ஆனால் விஷயம் என்ன என்று புரிந்துகொள்ள வேண்டும் என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் காஞ்சிபுரம், சேலம் பக்கத்துப் பட்டு, பருத்தி நெசவிலிருந்து வரும்.

## களத்துமேடு எதற்காக இருந்தது?

ஒரு விவசாயக் கிராமத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வயல் அவரவருடையது. உழவு, நடவு, களையெடுப்பு எல்லாம் அவரவர் வயலில் நடக்கும். எல்லார் வயலையும் ஓரிடத்தில் சேர்த்து வைக்க வேண்டும் என்று யாரும் நினைத்ததில்லை. ஆனால் கதிரடிக்கவும் நெல் தூற்றவும் அகலமான, கெட்டியான, காற்றோட்டமான ஒரு தரை வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஓர் இடம் வைத்துக்கொள்ள முடியாது. வருடத்தில் சில நாட்களுக்குத்தான் அது தேவையும்படும். அதனால் ஊருக்குப் பொதுவாகக் களத்துமேடு இருந்தது. முறை வைத்துப் பயன்படுத்தினார்கள்.

நெசவாளர் மையமும் இதே வகைதான். தறி வீட்டில் இருக்கிறது. வீட்டில் செய்ய முடியாத வேலைகளுக்கு, அல்லது வீட்டில் செய்தால் சிரமமும் நஷ்டமும் தருகிற வேலைகளுக்கு, பொதுவாக ஓரிடம்.

இது புதுச் சிந்தனை ஒன்றும் இல்லை. நெசவாளர் குடியிருப்புகள் உள்ள ஊர்களில் பாவடி என்று ஒரு பொது மைதானம் இருப்பது வழக்கம். சேலத்திலும் அதைச் சுற்றியுள்ள நெசவு ஊர்களிலும் பாவடித் தெரு, பாவடி மைதானம் என்ற பெயர்களை இன்றும் கேட்கலாம். நூலை நீட்டிப் பக்குவம் செய்வதற்காகச் சமூகமே ஒதுக்கி வைத்த நிலம் அது. ஊர்க்கூட்டமும் திருவிழாவும் அங்கேதான் நடக்கும். இன்று பல பாவடிகளைச் சுற்றிக் கட்டடங்கள் நெருங்கிவிட்டன, சிலவற்றில் வண்டிகள்தான் நிற்கின்றன. ஆக, சமுதாய மையத்தை வடிவமைக்கிறோம் என்றால், அந்தப் பாவடியின் வேலையை இன்றைய நிலைக்கு ஏற்பத் திரும்பக் கொண்டுவருகிறோம் என்று பொருள்.

## தறியில் உட்காரும் முன்பே பாதி வேலை

ஏன் அவ்வளவு பெரிய இடம் என்று புரிய, நெசவு எப்படி நடக்கிறது என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

துணியில் நீளவாக்கில் ஓடும் நூல் பாவு. குறுக்கே ஓடும் நூல் ஊடை. பாவு தறியில் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். நெசவாளர் காலால் மிதியை அழுத்தும்போது பாவு இழைகள் மேலும் கீழுமாகப் பிரியும். அந்த இடைவெளிக்குள் ஊடை நூலைச் சுமந்துகொண்டு படகு வடிவில் ஒரு சின்னக் கருவி போய் வரும். அதுதான் நாடா. ஊடை நூலைச் சிறு குழலில் சுற்றி நாடாவுக்குள் வைப்பார்கள், அந்தக் குழலுக்குத் தார் என்று பெயர்.

தறியில் நமக்குத் தெரிவது இவ்வளவுதான். அதற்கு முன்னால் எவ்வளவு நடக்கிறது பாருங்கள். பட்டு என்றால் கர்நாடகத்திலிருந்து வரும் நூலைச் சோப்பும் சோடாவும் கலந்த வெந்நீரில் வேகவைத்து அதன் பிசினை நீக்க வேண்டும். இதிலேயே எடையில் ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிடும். பிறகு சாயம் தோய்த்து, நிழலில் உலர்த்தி, சுற்றி, பாவு ஓட வேண்டும். அதாவது ஆயிரக்கணக்கான இழைகளை ஒரே நீளத்துக்கு, வரிசை மாறாமல் சேர்க்க வேண்டும். அப்புறம் அந்தப் பாவை நீட்டிக் கட்டி, அறுந்த இழைகளை முடிந்து, கஞ்சி போட்டு உலர வைத்து, சுருட்டித் தறிக்குக் கொண்டு போக வேண்டும்.

தறிக்குப் போனதும் பிணைத்தல். பழைய பாவின் கடைசி முனைகள் தறியிலேயே விடப்பட்டிருக்கும். புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் எடுத்து, பழைய பாவில் அதற்குரிய இழையோடு சேர்த்து, விரலால் முறுக்கி ஒட்ட வைப்பார்கள். தலைகுனிந்து, ஒவ்வொன்றாக, ஆயிரக்கணக்கில். ஒன்று மாறினாலும் துணியில் தெரியும். இதைச் செய்வதற்கென்றே கைதேர்ந்தவர்கள் உண்டு, பெரும்பாலும் பெண்கள். "நெசவாளர்" என்று சொல்லும்போது இவர்கள் யாரும் நம் நினைவுக்கு வருவதில்லை. மையம் முதலில் இவர்களை நினைத்துத்தான் வரையப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதுவரை பார்த்தது: நெய்வது வீட்டில் நடக்கலாம். நெய்வதற்கு முந்தைய வேலைகளுக்கு நீளமான இடம், தண்ணீர், நிழல், பல கைகள் வேண்டும். மையத்தின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

## பாவுக்கூடம்: மையத்தின் உயிர்

காஞ்சிபுரத்தில் ஒரு பாவு பெரும்பாலும் 3 சேலைக்கானது. ரவிக்கைத் துணியோடு ஒரு சேலை 6 மீட்டருக்குச் சற்று மேல் வரும். அப்படியென்றால் பாவு 18 முதல் 20 மீட்டர் நீளம். இத்தனை நீளத்துக்கு எந்த வீட்டிலும் கூடம் கிடையாது. அதனால்தான் நெசவாளர் தெருக்கள் நேராகவும் நீளமாகவும் இருந்தன. விடியற்காலையில் தெருவின் நடுவே பாவை நீட்டிக் கட்டி வேலை பார்ப்பார்கள். வெயில் ஏறினால் கஞ்சி சீக்கிரம் காய்ந்துவிடும், வண்டிகள் வரத் தொடங்கிவிடும். மழை வந்தால் அன்றைய வேலை போச்சு. கஞ்சி போட்ட பாவு நனைந்தால் நஷ்டம் வேறு.

இந்த ஒரு வேலைக்குக் கூரையும் நீளமும் கொடுத்தாலே மையம் பாதி வெற்றி.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாவு 20 மீட்டர். இரு முனைகளிலும் இழுத்துக் கட்டவும் ஆள் நிற்கவும் 2 மீட்டருக்கு மேல் விட்டால் மொத்தம் 25 மீட்டர் நீளம். விரித்த பாவின் அகலம் ஏறக்குறைய 1.2 மீட்டர். இருபக்கமும் ஆள் நடந்து இழை பார்க்க ஒரு மீட்டராவது வேண்டும். இரண்டு பாவுகள் அருகருகே இருந்தால் நடுப்பாதை இரண்டுக்கும் பொது: 1 + 1.2 + 1 + 1.2 + 1, ஆக 5.4 மீட்டர். 25 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம் என்று ஒரு கூடம் போட்டால் ஒரே நேரத்தில் இரண்டு பாவு ஓடும். நடுவில் தூண் கூடாது. 6 மீட்டர் அகலத்தைத் தூணில்லாமல் கூரை போட்டு மூடுவது எந்தக் கட்டடக்காரருக்கும் சாதாரண வேலை. இதில் பெரிய பொறியியல் எதுவும் தேவையில்லை.

சில சின்ன விஷயங்கள் இந்தக் கூடத்தைப் பிழைக்க வைக்கும் அல்லது கெடுக்கும். இரு முனைகளிலும் உள்ள கம்பங்கள் தரைக்குள் ஆழமாக, அசையாமல் நிற்க வேண்டும். இழுவை அத்தனையும் அவற்றின் மேல்தான். சுவர் இடுப்புயரம் வரை வழவழப்பாக இருக்க வேண்டும். சொரசொரப்பான சிமெண்ட் பூச்சில் பட்டு இழை உரசினால் பிரிந்துவிடும். நீளச் சுவர்கள் இரண்டிலும் ஜன்னல் வேண்டும், ஆனால் பாவு நிற்கும் உயரத்தில் காற்று நேராக அடிக்கக் கூடாது. ஜன்னலின் கீழ்ப்பாதியை மூடித் திறக்கும் பலகைகளாக வைத்துவிட்டால் தேவைக்கு ஏற்பத் திருப்பிக்கொள்ளலாம். தரை கழுவி விடும்படி லேசான சரிவோடு இருக்கட்டும். கஞ்சி சிந்தும், எறும்பு வரும்.

ஊருக்கு ஊர் இந்த அளவுகள் மாறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சென்னிமலைப் போர்வைக்கும் பவானி ஜமக்காளத்துக்கும் காஞ்சிபுரம் சேலைக்கும் நூலும் வேறு, பாவின் நீளமும் வேறு. சில ஊர்களில் பாவை டிரம் எனும் பெரிய உருளையில் ஓட்டி நேராகத் தறிக்கே கொண்டு போகிறார்கள். அங்கே நீளக்கூடத்தைவிட டிரம் வைக்க ஒரு சதுரமான அறைதான் முக்கியம். ஓர் ஊரின் வரைபடத்தை எடுத்து இன்னோர் ஊரில் அப்படியே கட்டினால் எதற்கும் உதவாத கட்டடம்தான் மிஞ்சும்.

## தறிகளை மையத்துக்குக் கொண்டுவர வேண்டுமா?

பரவலாக இருக்கும் தவறான புரிதல் இதுதான்: தறிகளை எல்லாம் ஒரே கூரையின் கீழ் வைத்தால் உற்பத்தி கூடும், வசதி பெருகும்.

தொழிற்சாலைக்கு இது பொருந்தலாம். கைத்தறி ஒரு குடும்பத்தின் நேரத்தில் பின்னப்பட்ட தொழில். காலையில் சமையல் முடித்த பிறகு இரண்டு மணி நேரம் நெய்வார்கள். பாட்டி தார் சுற்றுவார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்காருவார்கள். கூலி நாளுக்கு இல்லை, நெய்த துணிக்கு. எனவே வீட்டிலிருந்து மையத்துக்கு நடக்கும் அரை மணி நேரம்கூடக் கூலியில்தான் கழியும். தறி மையத்துக்குப் போனால் பாட்டியின் கை வீட்டிலேயே நின்றுவிடும். அவர் செய்த வேலைக்கு இனித் தனியாக ஒருவருக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கும்.

ஆனால் தறி இல்லாத மையமும் சரிப்படாது. மூன்று வகைத் தறிகளுக்கு அங்கே இடம் வேண்டும். வாடகை வீட்டில், தறி போட இடமே இல்லாமல் இருப்பவர்களுக்கான தறிகள் சில. புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்குப் பயிற்சித் தறி. புது வடிவத்தை முயன்று பார்க்க மாதிரித் தறி ஒன்று அல்லது இரண்டு. மாதிரித் தறியின் அருமை வெளியே தெரிவதில்லை. வீட்டில் ஒரே தறி வைத்திருப்பவர் புது வடிவத்தை முயன்று பார்த்து அது சரியாக வராவிட்டால், அத்தனை நாள் கூலியும் போய்விடும். அந்தப் பயத்தாலேயே பலர் பழைய வடிவங்களை விட்டு நகர்வதில்லை. அந்த முயற்சியின் செலவை மையம் ஏற்றுக்கொண்டால் நிலைமை மாறும்.

அந்தத் தறிகளுக்கு இடம் விடும்போது தறியின் மரச்சட்டத்தை மட்டும் அளந்தால் போதாது. குழித்தறி என்பது நெசவாளர் தரைமட்டத்தில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு, குழியில் இருக்கும் மிதிகளை அழுத்தி நெய்யும் தறி. குழி இரண்டு மூன்று அடி ஆழம் இருக்கும். மழைக்காலத்தில் அதில் தண்ணீர் ஊறினால் நெசவு நின்றுவிடும், மரமும் பாவும் கெடும். தாழ்வான தெருக்களில் இருக்கும் குடும்பங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை என்றாலே கவலைதான்.

மையத்தில் இதற்கு நேரடியான வழி உண்டு. தரைத்தளத்தைத் தெருவைவிட 3 அடி உயர்த்திக் கட்டினால் குழியின் அடிப்பாகமே தெரு மட்டத்துக்கு வந்துவிடும், தண்ணீர் உள்ளே வராது. ஆனால் வயதானவர்கள் ஏறி இறங்கச் சாய்தளம் வேண்டும். ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது சாய்தளத்துக்கான பொதுவான கணக்கு, ஆக 36 அடி ஓட வேண்டும். இடம் குறுகலாக இருந்தால் தறிக்கூடத்தை மட்டும் உயர்த்தி, மற்றதைத் தாழ்வாக வைக்கலாம்.

தறிக்கு மேலே ஜக்கார்டு இருக்கும். துளையிட்ட அட்டைகளின் மூலம் எந்த இழை மேலே எழ வேண்டும் என்று தீர்மானிக்கும் பெட்டி அது. பிரான்சில் 1804-ஆம் ஆண்டு வாக்கில் ஜோசப் மேரி ஜக்கார்டு உருவாக்கிய முறை, இன்று நம்மூர்ப் பட்டுத்தறிகளின் தலைக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது. அட்டை மாற்றவும் பழுது பார்க்கவும் ஆள் ஏறி நிற்க வேண்டும். வீட்டுக் கூரையின் வழக்கமான உயரம் இதற்கு நெருக்கடி. மையத்தில் கூரைக்கு 12 அடி உயரம் விட்டுவிட்டால் நிம்மதி.

இன்னொன்று, கோர்வை. சேலையின் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில், பின்னிப் பிணைந்து வரும்படி 3 நாடாக்களை வைத்து நெய்யும் முறை அது. இதற்குப் பக்கத்தில் உதவியாள் ஒருவர் உட்கார்ந்து கரை நாடாவை வீச வேண்டும். வரைபடத்தில் தறியைச் சுவரோரம் ஒட்டி வைத்துவிட்டால் அவர் எங்கே உட்காருவார்?

சுருக்கமாக: வீட்டுத் தறி வீட்டிலேயே இருக்கட்டும். மையத்தில் குறைவான தறிகள், ஆனால் அவை ஒவ்வொன்றுக்கும் தாராளமான இடம்.

## வெளிச்சம், காற்று, ஈரம்

நெசவாளரின் கண் ஒவ்வோர் இழையையும் பின்தொடர்கிறது. அதற்குச் சீரான வெளிச்சம் வேண்டும். நேர் வெயில் கண்ணைக் கூசச் செய்யும், சாயத்தையும் வெளுக்கும். பொதுவாகக் கட்டடக்கலைப் பாடங்கள், வடக்குப் பக்கம் ஜன்னல் வை, அங்கே நேர் வெயில் வராது என்று சொல்லும். வடகோளத்துக் குளிர்நாடுகளுக்கு இது பெரும்பாலும் சரி. தமிழ்நாட்டுக்கு முக்கால்வாசிதான் சரி. காஞ்சிபுரம் இருக்கும் அட்சரேகையில், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே இருக்கும். காலையிலும் மாலையிலும் வடக்குச் சுவரில் வெயில் விழும். எனவே வடக்கு ஜன்னலுக்கும் ஒரு மேற்கவிகை தேவை, பக்கவாட்டில் சிறு மறைப்பும் தேவை. கிழக்கும் மேற்கும் தாழ்ந்த வெயில் நேராக உள்ளே நுழையும் திசைகள். அங்கே சேமிப்பு அறை, கழிப்பறை போன்றவற்றை வைத்து வெயிலைத் தடுத்துவிடலாம்.

நிறம் பார்க்க ஒரு தனி மூலை வேண்டும். சாயம் தோய்த்த பட்டை மஞ்சள் விளக்கில் பார்த்தால் ஒரு நிறம், பகல் வெளிச்சத்தில் இன்னொரு நிறம். மாலையில் ஒப்புதல் வாங்கிய நிறம் மறுநாள் காலையில் சண்டையாகும். பகல் வெளிச்சம் விழும் ஜன்னலோரத்தில் ஒரு வெள்ளை மேசை போட்டு, நிறத்தை அங்கே வைத்துத்தான் முடிவு செய்வது என்று வைத்துக்கொண்டால் போதும்.

ஈரப்பதம் என்பது காற்றில் கலந்திருக்கும் நீராவியின் அளவு. இது எவ்வளவு வேண்டும் என்பது நூலைப் பொறுத்தது. பருத்தி நூல் ஈரத்தில் வலுவாகும், வறண்டால் அறுபடும். குழித்தறியில் தரையின் குளிர்ச்சியும் ஈரமும் பாவுக்கு நல்லது என்று நெசவாளர்கள் சொல்வதில் அறிவியல் இருக்கிறது. பட்டு நனைந்தால் வலு குறையும். வெள்ளி கலந்த சரிகையை அடைசலான ஈரத்தில் வைத்தால் கறுத்துப் போகும். ஆகவே பருத்தித் தறிக்கூடத்தையும் சரிகை வைக்கும் அறையையும் ஒரே மாதிரி கட்டக் கூடாது. நூல் அறை உலர்ந்த, உள்ளடங்கிய இடத்தில், சுவரிலிருந்து சற்றுத் தள்ளிய அலமாரிகளோடு இருக்க வேண்டும்.

கூரைக்குத் தகரம் போட்டால் மலிவு. ஆனால் பங்குனி, சித்திரையில் உள்ளே உட்கார முடியாது. தகரம்தான் கட்டுப்படியாகும் என்றால், அடியில் வெப்பத் தடுப்பும் உச்சியில் சூடான காற்று வெளியேற வழியும் வைக்க வேண்டும். மின்விசிறியை மட்டும் நம்பிக் கட்டினால் அதன் காற்று பாவின் மேல் அடித்து இழையைப் பறக்கவிடும்.

## சாயமும் தண்ணீரும்

இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். சாயக்கழிவைச் சுத்திகரிக்க வழியும் அதைத் தொடர்ந்து நடத்தப் பணமும் இல்லையென்றால் மையத்தில் சாயப்பட்டறை வைக்காதீர்கள். சாயத்தண்ணீர் ஆற்றுக்கும் நிலத்தடி நீருக்கும் என்ன செய்யும் என்பதை நொய்யல் கரையில் இருப்பவர்கள் பல ஆண்டுகளாக அனுபவித்திருக்கிறார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி வாங்கி, சுத்திகரிப்புத் தொட்டி கட்டி, அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்க முடியும் என்றால், பத்துப் பேர் பத்துக் கொல்லைகளில் ஊற்றும் கழிவு ஓரிடத்தில் சேர்ந்து சுத்தமாகும். அப்போது மையத்துக்கு இதைவிடப் பெரிய நன்மை வேறில்லை. அரைகுறையாகச் செய்தால் ஊரின் கிணறுகளைக் கெடுத்த கெட்ட பெயர்தான் மிஞ்சும்.

## உடம்பு, குழந்தை, தராசு

2019-20-இல் எடுக்கப்பட்ட நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாடு முழுவதும் சுமார் 35 லட்சம் கைத்தறித் தொழிலாளர்கள் இருப்பதாகச் சொல்கிறது. நெசவாளர்களில் 70 சதவீதத்துக்கும் மேல் பெண்கள். அசாம் போன்ற வடகிழக்கு மாநிலங்கள் இந்தச் சதவீதத்தை உயர்த்துகின்றன என்பது உண்மை. ஆனால் இங்கேயும் தார் சுற்றுவது, பிணைப்பது, கோர்வைக்கு உதவுவது என்று பெண்களின் கை படாத சேலை அரிது.

அதனால் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அறையும் சுத்தமான கழிப்பறையும் திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் வரக் கூடாது. குழந்தைகள் அறை பாவுக்கூடத்திலிருந்து பார்வை படும் தூரத்தில், ஆனால் சாயத்துக்கும் வெந்நீருக்கும் எட்டாமல் இருக்க வேண்டும். நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்பவர்களுக்கு முதுகும் முழங்காலும் வலிக்கும். கால் நீட்டிப் படுக்க நிழலான ஒரு திண்ணை, மருந்துப் பெட்டி வைத்த இடத்தைவிட அதிகம் உதவும். அங்கே பேச்சும் நடக்கும், கூலி எவ்வளவு, யாருக்கு வேலை இல்லை, எந்த வியாபாரி பணம் தரவில்லை என்பதெல்லாம் தெரியவரும். மையம் சமுதாய மையம் ஆவது அந்தத் திண்ணையில்தான் என்று நினைக்கிறேன்.

அடுத்தது தராசு. கூட்டுறவுச் சங்கமோ தனியார் முதலாளியோ பட்டையும் சரிகையையும் எடை போட்டுக் கொடுத்து, நெய்த சேலையை எடை போட்டு வாங்குவார்கள். எடை குறைந்தால் நெசவாளரின் கணக்கில் ஏறும். பல இடங்களில் தராசு மேசைக்கு அந்தப் பக்கம், கொடுப்பவர் பார்க்கும் திசையில் இருக்கும். மையத்தில் அதை நடுவில், இருவருக்கும் எண் தெரியும்படி, நல்ல வெளிச்சத்தில் வையுங்கள். வடிவமைப்பு என்பது இதுவும்தான்.

இதுவரை சேர்ந்தவை: நீளமான பாவுக்கூடம், சில தறிகள், உலர்ந்த நூல் அறை, நிறம் பார்க்கும் மூலை, குழந்தைகள் அறை, திண்ணை, தராசு. இதில் கடை இன்னும் வரவில்லை.

## கடையும் பார்வையாளர்களும்

வாங்க வருபவர்களுக்கு ஓர் இடம் இருப்பது நல்லதுதான். ஆனால் அது வாசலோரம், தெருவைப் பார்த்து, மற்ற பகுதிகளிலிருந்து பிரிந்து இருக்க வேண்டும். பார்வையாளர் பாதை பாவுக்கூடத்தின் நடுவே போகக் கூடாது. ஒரு கைப்பை உரசினால் பல நாள் வேலை வீண். அதைவிட முக்கியமாக, மாதிரித் தறியில் ஏறியிருக்கும் புது வடிவத்தைக் கைபேசியில் படம் எடுத்துப் போய் விசைத்தறியில் ஓட்டிவிட்டால், அசல் சேலை கடைக்கு வரும் முன்பே நகல் வந்துவிடும். 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் 11 வகைத் துணிகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறது. அப்படியும் நகல்கள் சந்தைக்கு வராமல் இல்லை. மாதிரித் தறியின் அறைக்குக் கதவும் பூட்டும் இருக்கட்டும்.

நெசவாளர் வீடு எப்படி இருக்கும் என்று பொதுமக்களுக்குக் காட்ட வேண்டும் என்றால், முட்டுக்காட்டில் 1996 முதல் இயங்கும் தட்சிணசித்ரா அந்த வேலையை நன்றாகச் செய்கிறது. அது அருங்காட்சியகம். வேலை நடக்கும் மையத்தை அப்படி மாற்ற முயன்றால் உள்ளே இருப்பவர்கள் காட்சிப் பொருளாகிவிடுவார்கள்.

## வரைவதற்கு முன்

முதல் வேலை, நூலின் பின்னால் நடப்பது. நூல் எந்த வீட்டிலிருந்து கிளம்புகிறது, எங்கே வேகிறது, எங்கே காய்கிறது, யார் தூக்கிப் போகிறார்கள், எங்கே காத்திருக்கிறது என்று ஒரு பாவின் முழுப் பயணத்தையும் எழுதிக்கொள்ள வேண்டும். காத்திருக்கும் இடங்கள்தான் மையத்துக்கான குறிப்புகள். பிணைப்பவர் வருவதற்குத் தறி காத்திருக்கிறதா, தெரு காலியாவதற்குப் பாவு காத்திருக்கிறதா, அட்டை அடித்து வருவதற்கு வேலை நிற்கிறதா? விடை ஊருக்கு ஊர் வேறாக இருக்கும்.

மழைக்காலத்தில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை இதைச் செய்தால் நல்லது. பிறகு, இடம் முடிவானதும் சுண்ணாம்புத் தூளால் தரையில் அறைகளைக் கோடு போட்டு, உண்மையான பாவு ஒன்றை அங்கே நீட்டிக் கட்டிப் பார்க்க வேண்டும். பாவு நீட்டுபவர்கள் நடந்து பார்த்து, "இங்கே திரும்ப முடியவில்லை" என்று சொல்வார்கள். கோடு இருக்கும்போது மாற்றச் செலவு கிடையாது.

## யாருடைய மையம்?

பணம் எங்கிருந்து வரும் என்பதற்கு ஓரளவு வழிகள் உண்டு. ஒன்றிய அரசின் தேசியக் கைத்தறி வளர்ச்சித் திட்டத்தில், நெசவு ஊர்களைக் குழுமமாக எடுத்து உதவும் பகுதி இருக்கிறது. பலர் சேர்ந்து பயன்படுத்தும் பொது வசதி மையமும் வீட்டோடு சேர்ந்த தறிக்கூடமும் அதற்குள் வரும். தொழில்நுட்ப உதவிக்குக் காஞ்சிபுரத்திலும் சேலத்திலும் நெசவாளர் சேவை மையங்கள் உள்ளன. சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகமும் இருக்கிறது.

கட்டுவதற்குப் பணம் கிடைத்துவிடும், நடத்துவதற்குத்தான் கிடைக்காது. தமிழ்நாட்டில் கைத்தறி நெசவாளர் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவச மின்சாரம் உண்டு. மையத்தின் மின் கட்டணத்தை யார் கட்டுவது? கூட்டிப் பெருக்குபவருக்குச் சம்பளம் யார் கொடுப்பது? ஓடு உடைந்தால் மாற்றுவது யார்? இவற்றுக்கு விடை இல்லாமல் அடிக்கல் நாட்டக் கூடாது. அதனால்தான் சின்னதாக, பழுது பார்க்க எளிதாக, ஊர்க் கொத்தனாரும் தச்சரும் கையாளக்கூடிய பொருட்களால் கட்டுங்கள் என்கிறேன்.

இன்னொரு சிக்கல், உறுப்பினர் யார் என்பது. கூட்டுறவுச் சங்கத்தின் பெயரில் மையம் கட்டினால், தனியார் முதலாளிக்கு நெய்பவர்கள் தங்களுக்கு உரிமை இல்லை என்று ஒதுங்கிவிடுவார்கள். ஒரே தெருவில் இரு தரப்பும் அடுத்தடுத்த வீட்டில் இருப்பார்கள். பிணைப்பவர்களும் தார் சுற்றுபவர்களும் பெரும்பாலும் எந்தப் பட்டியலிலும் இருப்பதில்லை. நிர்வாகக் குழுவில் இந்த மூன்று தரப்புக்கும் இடம் வேண்டும், சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கக் கூடாது.

மழை மாதங்களில் எல்லாருக்கும் ஒரே வாரத்தில் பாவுக்கூடம் தேவைப்படும். முறை எழுத ஒரு நோட்டு வாசலிலேயே தொங்கட்டும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று இருக்கட்டும். உறுப்பினருக்கு ஒரு வாடகை, மற்றவருக்குச் சற்றுக் கூடுதல் என்று வைத்துக்கொண்டாலும் சரி, முறை மட்டும் வந்த வரிசைப்படிதான் போக வேண்டும்.